அந்த எபிசோடு இன்னும் வரல

அட, அதையா பாத்துட்டு வர்ற? அந்த உப்புக் கரை சீரியலா? அய்யோ தங்கச்சி, உன்னப் பாத்தா படிச்ச பொண்ணு மாதிரில்ல இருக்கு. இத்தாலில, பொலோஞால பஸ் ஏறுனதுலேருந்து அந்தப் போனையே மொறச்சுக்கிட்டு வர்றியே, ஏதோ பரீட்சைக்குப் படிக்குது போலன்னு நெனச்சேன். ஹங்கேரில எல்லாரும் எறங்கி காப்பி குடிச்சப்பகூட நீ எறங்கல. ஒரு துருக்கிக்காரி அழுவுறதப் பாக்கவா?

இல்ல இல்ல, நீ பாரு. நான் ஒண்ணும் சொல்லல. இந்தா, சூரியகாந்தி வெத எடுத்துக்க. நல்லா வறுத்தது. தோல இந்தக் கவர்ல போடு, அந்த டிரைவருக்கு வாய் நீளம். பஸ்ஸத் தொடைக்கத் துப்பில்ல, பேச்சு மட்டும் மந்திரி மாதிரி.

எதுவரைக்கும் வந்திருக்க? நெர்மின் ஆஸ்பத்திரிலேருந்து தப்பிச்சு ஓடுறாளே, அதுவா? அவ கெடக்கா, விடு. அவள மாதிரி ஒரு மக்கு ஒலகத்துல உண்டா? அவ புருஷன் ஜெயிலுக்குப் போனது யாரால? மாமியாராலன்னு சமையக்காரிக்குத் தெரியும், தோட்டக்காரனுக்குத் தெரியும், அந்த வீட்டுப் பூனைக்குத் தெரியும். இவ ஒருத்திக்குத்தான் தெரியாது. நேரா போயி அந்த மாமியா மடியிலயே தலைய வச்சு அழுவுறா. அந்த பெர்ரான் இருக்காளே மாமியாக்காரி, குண்டம்மா, மாடிப்படில நின்னுக்கிட்டு...

என்னது? ஒல்லியா? யாரு, பெர்ரானா?

சரி, ஒடம்பு ஒல்லியா இருந்துட்டுப் போவுது. கொழுப்பு உள்ள இருக்குல்ல, அதச் சொன்னேன்.

எனக்கு எது பத்திக்கிட்டு வரும்ங்கிற? அந்த மாமனாரு. பக்கவாதம் வந்து சக்கர நாற்காலில உக்காந்திருக்காரே, வருஷக்கணக்கா. சட்டைல ஒரு சுருக்கம் கெடையாதாமே. யாரு குளிப்பாட்டுறா அவர? யாரு ராத்திரித் துணி மாத்துறா? யாரு வாயில சூப்ப ஊட்டி, துப்புனதத் தொடைக்கிறா? முப்பது வேலக்காரங்க அந்த வீட்டுல, ஒருத்தி கையாவது ஈரமா இருந்து பாத்திருக்கியா? நான் இத்தாலில வயசானவங்களக் கழுவித் தொடச்சே பத்து வருஷத்த ஓட்டுனவ. படுத்த படுக்கையா இருக்குற ஒரு ஒடம்பப் பொரட்டிப் போடுறதுன்னா என்னன்னு எழுதுறவனுக்குத் தெரியுமா? அவனுக்கென்ன. கண்ணாடிய மாட்டிக்கிட்டு கடலப் பாத்து உக்காந்து எழுதுவான். பசிச்சா யாராவது தட்டக் கொண்டாந்து வைப்பாங்க. அவன் கதையில வர்ற வீடும் அப்படித்தான் இருக்கும்.

டீ வேற. மணிக்கொரு தடவ டீய ஊத்துறாங்க, எவளும் குடிக்க மாட்டேங்குறா. டம்ளரத் தூக்குனதும் கதவத் தொறந்துக்கிட்டு ஒருத்தன் வந்து நிக்கிறான், பாட்டு வந்துருது, அதோட விளம்பரம். அந்த டீயெல்லாம் யாரு குடிக்கிறாங்க கடைசில? கீழ கொட்டுறாங்களா?

நீ சிரி. நல்லா சிரி. சிரிச்சுட்டு மறுபடியும் அதத்தான பாக்கப் போற.

இவ்வளவு திட்டுறவ எதுக்கு அதப் புடிச்சுத் தொங்குறேன்னு கேக்குற. நியாயம்தான். எல்லாம் எம்பொண்ணால. மிருணான்னு பேரு. இந்த பஸ்ஸு போற சுச்சாவாலதான் நர்சிங் படிக்கிறா, ரெண்டாவது வருஷம். அவளும் நானும் தெனமும் சாயந்திரம் போன்ல இந்தச் சீரியலப் போட்டுக் கிழிப்போம். நான் கிழிப்பேன், அவ தைப்பா. அவளுக்கு நெர்மின ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது.

அவ மூணாங் கிளாஸ் படிக்கையில நான் கெளம்புனேன். அவங்கப்பன் அதுக்கு முந்தியே ஸ்பெயின்ல ஸ்ட்ராபெரி பறிக்கிறேன்னு போனவன், அங்கயே ஒருத்தியோட ஒதுங்கிட்டான். பறிச்சது போதும்னு திரும்பி வர்ற ஆளா அவன். ருமேனியாவுல, எங்க ஊரு தொரொஹோய்ல, எங்க நாத்தனா அக்லாயா வீட்டுலதான் புள்ளைய விட்டுட்டுப் போனேன். அக்லாயா கெட்டவ இல்ல. அவளுக்கு ரெண்டு கண்ணு, ரெண்டும் கோழி மேல. ஒரு கோழி முட்ட போடலன்னா அந்த வீட்டுல ரெண்டு நாளைக்கு அதான் பேச்சு. ஒரு பொண்ணு பேசாம இருந்தா எவளும் கவனிக்க மாட்டா.

அப்படித்தான் மிருணா பேச்ச நிறுத்துனா. என்கிட்ட. தெனமும் நான்தான் கூப்புடுவேன். சாப்டியான்னு கேப்பேன், ம். பள்ளிக்கூடம் போனியா, ம். குளிருதா, ம்ஹூம். அந்த ம்ம வச்சுக்கிட்டு என்ன பண்றது? படுக்கையில பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்கவா? அஞ்சாறு வருஷம் அப்படியே போச்சு. லீவுல வந்தாலும் அதே கததான். எதிர உக்காந்து சாப்புடுவா, நான் என்னமோ ரேஷன் ஆபீஸ்லேருந்து வந்தவ மாதிரி பாத்துட்டுப் போயிருவா.

ஒரு நாள் போன்ல பின்னாடி யாரோ தேம்பித் தேம்பி அழுவுற சத்தம். யாருடி அழுவுறதுன்னு கேட்டேன். நெர்மின்னா. எந்த நெர்மினு, யாரு வீட்டுப் பொண்ணுன்னேன். டிவின்னா. அன்னிக்கு எனக்கு நாளு சரியில்ல. நான் பாத்துக்கிட்ட அம்மா, சிஞ்ஞோரா ஓர்சோலான்னு பேரு, சூப்பு சூடு போதலன்னு கிண்ணத்தோட தூக்கிச் செவுத்துல அடிச்சிருந்தா. அதத் தொடச்சுக்கிட்டே பேசிட்டு இருந்தேன். அந்தக் கடுப்புல சொல்லிட்டேன், என்ன எழவுடி இது, இதையெல்லாம் எந்த மடச்சி பாப்பான்னு.

பாத்துக்க. கட் பண்ணிட்டான்னு நெனச்சேன். அப்புறம் வெடிச்சா பாரு! உனக்கு என்ன தெரியும், நெர்மினப் பத்தி உனக்கு என்ன தெரியும், அவ ஏன் அழுவுறான்னு தெரியுமா, அவங்கம்மா யாருன்னு தெரியுமான்னு. ஆரம்பிச்சவ நிறுத்தல. மொத எபிசோட்லேருந்து சொன்னா. சூப்பு செவுத்துலயே காயுது, உள்ள சிஞ்ஞோரா மணியடிக்கிறா, நான் துணிய கையில வச்சுக்கிட்டு தரையில உக்காந்திருக்கேன். எம்பொண்ணுக்கு இவ்வளவு வார்த்த தெரியுமா? குரலு மாறியிருந்துச்சு தங்கச்சி. பெரியவ குரலு. அதுவே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அப்பப் புடிச்சேன் சூட்சுமத்த. நல்லாருக்கா சீரியலுன்னு கேட்டா ம். கண்றாவின்னு சொன்னா முக்கா மணி நேரம். அன்னிலேருந்து நானும் அந்தக் கதையில விழுந்தேன். நெர்மின மக்கும்பேன், அவ புருஷன சோத்துக்குக் கேடும்பேன். அவ சண்டைக்கு வருவா. அப்புறம் நான் கூப்புடக்கூட வேண்டியதில்ல, அவளே கூப்புட ஆரம்பிச்சா. அம்மா, இன்னிக்கு என்னாச்சுன்னு கேட்டா நீ நாற்காலிலேருந்து விழுந்துருவம்பா. சண்டைக்கு நடுவுல மத்ததும் வரும். கணக்கு டீச்சர் பெர்ரான் மாதிரியே சிரிக்குதும்பா. அப்ப கணக்குல பெயிலுன்னு நான் புரிஞ்சுக்கணும்.

வெயாழக்கெழம எங்களுக்கு அர நாளு லீவு, உனக்குத் தெரியாததா. ஸ்டேஷனுக்குப் பின்னால பூங்காவுல நம்ம ஆளுங்க எல்லாம் கூடுவாங்கல்ல. அங்கயும் இதே பாட்டுதான். லிதியான்னு ஒரு மொல்தோவாக்காரி. நம்ம ஊரு டிவில வர்றதுக்கு முன்னாடியே துருக்கில ஓடுறத இண்டர்நெட்டுல பாத்து முடிச்சுட்டு வந்து, யாரு சாவப் போறான்னு சொல்லி எல்லாரு வயித்தெரிச்சலையும் கொட்டிக்குவா. அவகிட்ட ஒரு வாரக் கதையையும் கேட்டுத் தெரிஞ்சுக்குவேன். எதுலயும் விட்டுப் போயிறக் கூடாதில்ல.

ஆனா எல்லாத்தவிடக் கேவலம் அந்த ஜெய்லான் கத. நெர்மின் தங்கச்சி. பதினேழு முடியப் போவுது, பாட்டி மாதிரி பேசுவா, புத்தி மட்டும் கோழிக்குஞ்சு. கார் கழுவுற கட வச்சிருக்குற ஒருத்தன் சிரிச்சுப் பேசிட்டானாம், பெல்ஜியத்துல ஓட்டல் வேல வாங்கித் தர்றேன்னானாம், இவளும் சரின்னுட்டாளாம். பதினெட்டு ஆவட்டும், அப்புறம் எல்லையில எவன் கையெழுத்தும் வேணாம்னானாம். டிக்கெட்டு எடுக்கணும்னு அடையாள அட்டைய வாங்கி வச்சுக்கிட்டானாம். எழுதியிருக்கான் பாரு...

என்ன?

அப்படி ஒரு கத இல்லையா?

எல்லா எபிசோடும் பாத்தியா நீ? ஒண்ணு விடாம? ஜெய்லான் கன்னியாஸ்திரி மாதிரி பியானோ வாசிச்சுக்கிட்டு இருக்காளா?

ஆமா. இல்லதான். நீ சரியாத்தான் பாத்திருக்க.

அத மிருணா எனக்குச் சொன்னா. ரெண்டு வருஷத்துக்கு முந்தி, எலையெல்லாம் கொட்டுற நேரம். சாதாரணமாத்தான் சொன்னா, எப்பவும் போல. அம்மா, ஜெய்லானுக்கு ஒரு ஆளு கெடச்சிருக்கான்னு. நானும் எப்பவும் போலத் திட்டுனேன். இவளுக்கெல்லாம் கன்னத்துல ரெண்டு குடுக்க வீட்டுல ஆளில்லையான்னு கேட்டேன். இல்லன்னா. அவ்வளவுதான். வழக்கமா சண்டைக்கு வர்றவ, அன்னிக்கு வரல. அது எனக்கு ஒறைக்கல.

வெயாழக்கெழம பூங்காவுல லிதியாகிட்ட அளந்தேன். என்னடி ஒங்க ஜெய்லான் இவ்வளவு மட்டமா போயிட்டா, கார் கழுவுறவனோடன்னு. லிதியா என்னப் பாத்தா. எந்தக் கார் கழுவுறவன்னா. நான் சொன்னேன். பெஞ்சுல இருந்த எல்லாரும் திரும்பிட்டாங்க. அப்படி ஒண்ணும் வரவேயில்லையே, இனிமேலும் வராது, துருக்கில இதுவரைக்கும் ஓடுனத நான்தான் பாத்துட்டேனேன்னா லிதியா. ருமேனியால ஒருவேள வேற மாதிரி காட்டுறாங்களோன்னு ஒருத்தி கேட்டா. ஒரு சீரியல ஊருக்கு ஊரு மாத்தியா எடுப்பாங்கன்னு இன்னொருத்தி. அவங்க அதப் போட்டு வாதாடிக்கிட்டு இருக்காங்க. நான் பையத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுட்டேன்.

தொரொஹோய்ல பெட்ரோல் பங்க் பக்கத்துல ஒரு கார் கழுவுற கட இருக்கு. ரேலுன்னு ஒருத்தன் வச்சிருக்கான். கழுத்துல சங்கிலி, வாயில குச்சி. அதுக்கு எதிர்லதான் மிருணா பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிப்பா.

நேரா கேட்டிருக்கலாமேங்கிற. நேரா கேட்டா என்ன சொல்லுவா? ம்ஹூம்பா. அத்தோட கதவு சாத்திக்கும். அப்புறம் அத எந்தச் சாவிய வச்சுத் தொறக்குறது? அக்லாயாவுக்குப் போன் பண்ணலாம். அவ ஊரு பூரா கத்துவா, அந்தக் கழுத அன்னிக்கே புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவான். அதனால நான் சாயந்திரம் வரைக்கும் கையப் பெசஞ்சுக்கிட்டுக் காத்திருந்தேன். அவ கூப்புட்டா. நான் எடுத்ததும் எடுக்காததுமா, என்ன, அந்த ஜெய்லான் கழுத இன்னிக்கு என்ன பண்ணுனான்னு கேட்டேன். சிரிச்ச மாதிரி கேட்டேன். எங்கேருந்து வந்துச்சோ அந்தச் சிரிப்பு, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

செவ்வாக்கெழம காலையில போறாங்கம்மான்னா. யாருக்கும் தெரியாது. அவளுக்கு திங்கக்கெழம பதினெட்டு முடியுது.

அவளுக்குப் போவணும்னு இருக்காடின்னேன்.

மொதல்ல இருந்துச்சு. இப்ப பயமா இருக்கு போல. ஆனா அட்டை அவன்கிட்ட இருக்கு. அவன் கூட இன்னொரு ஆளு வர்றான், அவனப் பாத்தா புடிக்கலன்னா.

எழுதுனவன் சுத்த முட்டாளுன்னு நான் கத்துனேன். பொண்ணுன்னு இருந்தா ஆயின்னு ஒருத்தி இருக்க மாட்டாளா, அவ எங்க போய்த் தொலஞ்சான்னேன்.

அவங்கம்மா ரொம்பத் தூரத்துல இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதுன்னா.

வர மாட்டாளான்னு கேட்டேன்.

கோழி கொக்கரிக்கிறது மட்டும் கேக்குது. அப்புறம் சொன்னா, தெரியலம்மா, அந்த எபிசோடு இன்னும் வரலன்னு.

இரு, தண்ணி குடிச்சுக்கிறேன். இந்த வெதையில உப்பு ஜாஸ்தி.

ம். அப்புறம் என்ன. சிஞ்ஞோராவோட மகன் ஒத்தாவியோவக் கூப்புட்டு ஊருக்குப் போறேன்னேன். வக்கீலு அவன். அம்மாவப் பாக்க ஞாயித்துக்கெழம வந்து, கோட்டக்கூடக் கழட்டாம உக்காந்துட்டுப் போற வக்கீலு. இப்படித் திடுதிப்புன்னு சொன்னா எப்படி, போனா திரும்பி வராதன்னான். சரின்னேன். உள்ள போயி அந்தம்மாகிட்டச் சொன்னேன், எம்பொண்ணு கெட்ட எடத்துல மாட்டிக்கிட்டான்னு. ஒரு காலத்துல லத்தீன் டீச்சர் அது. நாப்பது வருஷம் எவளையும் பாராட்டாத வாயி. என்ன நின்னுட்டு இருக்க, சூப்ப நானே ஊத்திக்குவேன், போன்னுச்சு. அந்தக் கையால ஒரு கரண்டி தூக்க முடியாது. போன்னுச்சு.

திங்கக்கெழம மத்தியானம் தொரொஹோய்ல எறங்குனேன். மிருணா அக்லாயா வீட்டுப் பின்கட்டுல உருளக்கெழங்கு உரிச்சுக்கிட்டு இருக்கா. நிமிந்து பாத்தா. எந்திரிக்கல. வந்துட்டியான்னா. பொறந்த நாளாச்சேன்னு வந்தேன்னேன். கத்தியக் கீழ வச்சா, மறுபடியும் எடுத்தா, மறுபடியும் வச்சா. நான் பையக்கூட எறக்கல. இந்தா வந்துர்றேன், கடைக்குப் போயி மாவு வாங்கணும்னுட்டு நேரா பெட்ரோல் பங்குக்கு நடந்தேன்.

ரேலு ஒரு காருக்கு நொர போட்டுக்கிட்டு இருந்தான். எம்பொண்ணு அட்டையக் குடுன்னேன். எந்தப் பொண்ணு, எந்த அட்டைன்னு குச்சிய இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் மாத்துனான். போலீசுக்குப் போவேன்னேன். போ, அங்க எங்க மச்சான்தான் இருக்கான்னு சிரிச்சான். அவன அடிக்க எனக்குத் தெம்பில்ல. ரெண்டு நாளா பஸ்ல உக்காந்து காலு வீங்கிக் கெடக்கு. அங்க காத்திருக்கிறவங்களுக்குன்னு நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தான். ஒண்ணுல உக்காந்தேன். பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க, அந்தாண்ட எங்க கோயில் பாதிரியாரு, அவரு காருதான் நொரையில நிக்குது.

சாமி, சீரியல் பாப்பீங்களான்னு கேட்டேன். நேரமில்லம்மான்னாரு. ஒரு நல்ல சீரியல் இருக்கு, கேளுங்கன்னு ஆரம்பிச்சேன். பதினேழு வயசுப் பொண்ணு, ஆயி வெளிநாட்டுல. எதிர ஒரு கார் கழுவுற கட. அவனுக்குக் கழுத்துல சங்கிலி, வாயில குச்சி. பேரு மறந்து போச்சு, ரேன்னு ஆரம்பிக்கிற என்னமோ ஒரு பேரு. வீட்டுல பொண்டாட்டி புள்ள உண்டுன்னேன். அந்த ரெண்டு பொம்பளைங்களும் நாற்காலியக் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. ரேலு கையில தண்ணிக் கொழாய் ஓடுது, காருக்கு மேல இல்ல, அவன் ஷூவுக்கு மேல. நான் சத்தத்தக் கூட்டுனேன். பெல்ஜியம்னேன். செவ்வாக்கெழம காலையிலன்னேன். இன்னொரு காரு வந்து நின்னுச்சு, அதுலேருந்து ரெண்டு பேரு எறங்கி வந்து நின்னு கேக்குறாங்க. புரியாதவனுக்கு அந்தப் பொம்பளைங்க மொதல்லேருந்து எடுத்துச் சொல்றாங்க. என்னமா பேசுனேங்கிற! அத்தன வருஷம் போன்ல கத பேசுன பழக்கம்.

பாதிரியாருதான் கடைசில கேட்டாரு. என்னப் பாத்து இல்ல, ரேலுவப் பாத்து. அப்புறம் அவன் அட்டையத் திருப்பிக் குடுத்தானாம்மான்னு.

நான் என்னத்தச் சொல்றது சாமி, ரேலுவுக்குத் தெரியும், அவனக் கேளுங்கன்னேன்.

அவன் உள்ள போனான். வந்தான். அட்டைய என் மடியில போட்டான், குனிஞ்சுகூடக் குடுக்கல, பொறம்போக்கு. நான் எடுத்துப் பாத்தேன், எம்பொண்ணு மொகம்தான். பதினாலு வயசுல எடுத்த போட்டோ, என்னமா மொறைக்கிறா அதுல. அவன் அந்தக் குளிர்காலத்துலயே கடைய இழுத்து மூடிட்டு எங்கயோ போயிட்டான். எங்கன்னு நான் கேட்டுக்கல. பாதிரியாரு ஞாயித்துக்கெழமப் பிரசங்கத்துல வச்சு வாங்குனாருன்னு அக்லாயா சொன்னா.

வீட்டுக்கு வந்து அட்டைய உருளக்கெழங்கு பக்கத்துல வச்சேன். மாவு கெடைக்கலன்னேன். சாப்டோம். படுத்தோம், ஒரே கட்டிலு, வேற எடம் ஏது அந்த வீட்டுல. செவுத்தப் பாத்துக்கிட்டுக் கேட்டா, ஜெய்லான் கத என்னாச்சுன்னு நீ கேக்கவே இல்லையேன்னு. அது படு கேவலமான கத, நான் அத நிறுத்திட்டேன்னேன். அவ முதுகு குலுங்குச்சு. சிரிப்போ அழுகையோ, எதுவோ ஒண்ணு. நான் கைய மேல போட்டேன். தட்டி விடல.

நாலு நாள் இருந்தேன். அதுக்குள்ள ஒத்தாவியோவே போன் பண்ணிட்டான். புதுசா வந்த பொண்ணு மேல சிஞ்ஞோரா சூப்பக் கொட்டிருச்சாம், தயவுசெஞ்சு வாங்கன்னு. இப்ப வாங்க! திரும்பிப் போனேன். மிருணா சுச்சாவாவுல நர்சிங் சேந்தா. போன வசந்தத்துல அந்தம்மா போய்ச் சேந்துச்சு, தூக்கத்துலயே. அப்புறம் கொஞ்ச நாள் அங்கயும் இங்கயும் வேல பாத்தேன், போதும்னு தோணிருச்சு. இனிமே திரும்பிப் போறதா இல்ல. மேல இருக்குற பையில பாதி பழைய துணி, மீதி காப்பித் தூளு, அவ்வளவுதான் பத்து வருஷம். சுச்சாவாவுல ஒரு ரூமு எடுத்திருக்கா மிருணா, ரெண்டு பேருக்குமா சேத்து. முட்டக்கோசுல சோறு சுருட்டி வச்சிருக்காளாம். எப்படிச் செஞ்சிருக்காளோ, அக்லாயாகிட்டக் கத்துக்கிட்டிருந்தா ஒரே உப்பாத்தான் இருக்கும்.

அது சரி, எனக்கு இப்ப ஒரு சிக்கல். அதான் உன்ன நச்சரிச்சுக்கிட்டு வர்றேன். இன்னிக்குச் சாயந்திரம் உப்புக் கரை கடைசி எபிசோடுல்ல? அதுக்காகத்தான நீயும் மூச்சு விடாம பாத்துட்டு வர்ற. அந்தக் கழுத புதுசா ஒரு டிவி வாங்கி மாட்டி வச்சிருக்கு. அம்மா, முடிவ ஒண்ணா உக்காந்து பாக்கணும், அதுக்குள்ள வந்து சேருன்னு போன்ல ஒரே குதி.

நான் அத ஒரு எபிசோடுகூடப் பாத்ததில்ல தங்கச்சி.

அட, நெசமாத்தான். அந்த லத்தீன் டீச்சர் வீட்டுல டிவியா? கழுதைங்க தவிடு திங்கிற தொட்டின்னு சொல்லும் அத. என்கிட்ட இருந்தது இந்தப் பட்டன் போனு. எல்லாம் மிருணா சொன்னதும், வெயாழக்கெழம லிதியா சொன்னதும்தான். அத வச்சே அத்தன வருஷம் சண்ட போட்டிருக்கேன். ஊருக்கு வந்த நாலு நாளும் சீரியல் நேரத்துக்கு எந்திரிச்சு வெளிய போயிருவேன், இந்தக் கண்றாவிய வீட்டுல வேற பாக்கணுமான்னு சொல்லிக்கிட்டு. அப்புறம் பாத்திருக்கலாந்தான். பாத்தா புடிச்சுப் போயிருமோன்னு பயம். புடிச்சுப் போச்சுன்னா எப்படித் திட்டுறது? திட்டலன்னா அவ எதுக்குக் கூப்புடுறா?

அவளுக்குத் தெரியுமோ என்னமோ. எனக்குப் பொறந்தவதான, தெரிஞ்சும் சொல்லாம இருப்பா. இருந்தாலும் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இவ யாருடி, அவ யாருடின்னு கேட்டா நல்லாவா இருக்கும்? மலைய எறங்கிட்டா சுச்சாவா வந்துரும். கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு அத. என் கண்ணாடி எங்க... ம், இப்பக் காட்டு. யாரு யாருன்னு வெரலால தொட்டுச் சொல்லு.

இந்த ஒல்லிதான் பெர்ரானா? பாவமா இருக்காளே பாக்க.

சரி. இது?

இவளா? இவதான் நெர்மினா?

அட. நான் இன்னும் ஒசரமா நெனச்சு வச்சிருந்தேன். சின்னப் புள்ளையால்ல இருக்கா. மூக்க எப்படிச் சுளிக்கிறா பாரு, முண்டம்... ஏன் அழுவுறா இப்ப? யாரு என்ன சொன்னா அவள?

ஷ்ஷ், நீ கொஞ்சம் சும்மா இரும்மா. அவ என்னமோ சொல்றா, கேப்போம்.